யோசனை, இலக்கு, இன்றைய வேலை: மூன்றையும் ஒரே வாய்க்காலில் விடுவது எப்படி

விசுவமடுவில் இருந்து கிளிநொச்சிக்கு வேலைக்குப் போய் வருகிறேன். காலையில் பஸ்ஸில் யன்னல் பக்கமாக ஒரு இடம் கிடைத்தால் தர்மபுரம் தாண்டுவதற்குள் நாலைந்து யோசனை வந்துவிடும். கச்சான் அல்வா செய்து விற்கலாம், அரச வேலையில் மேலே போக எழுத வேண்டிய தடைதாண்டல் பரீட்சைக்கு இந்த முறை ஒழுங்காகப் படிக்க வேண்டும், மகளுக்கு வாசிப்புப் பழக ஒரு வழி பார்க்க வேண்டும், வளவின் பின்பக்கம் சும்மா கிடக்கிறதே முருங்கை வைக்கலாமே என்று. பரந்தன் சந்தியில் பாதி மறந்திருக்கும். அலுவலகத்தில் கையெழுத்து வைக்கும்போது மீதியும் போயிருக்கும். இரவு பத்து மணிக்குப் படுக்கும்போது யோசித்துப் பார்த்தால் அன்று முழுக்க ஓடியிருப்பேன், ஆனால் ஓடிய ஓட்டத்துக்கும் காலையில் நினைத்தவற்றுக்கும் ஒரு தொடுப்பும் இருக்காது. எத்தனையோ வருடம் இப்படித்தான் போனது.

யோசனைக்கும் பஞ்சமில்லை, உழைப்புக்கும் பஞ்சமில்லை. யோசனைகள் போனில் ஒரு மூலையில் கிடந்தன, இலக்குகள் தை மாதம் டயறியின் முதல் பக்கத்தில் எழுதியபடியே கிடந்தன, நாளாந்த வேலை முழுக்கத் தலைக்குள் இருந்தது. ஒன்றிலிருந்து மற்றதுக்குப் போக வழி இல்லை. மாரியில் இரணைமடுக் குளம் நிரம்பி வான் பாய்வதைப் பார்க்க ஊரே போகும், நானும் போயிருக்கிறேன், பார்க்க அவ்வளவு அழகு. ஆனால் அந்தத் தண்ணீர் கனகராயன் ஆற்றோடு போய்ச் சுண்டிக்குளப் பக்கம் கடல்நீரேரியில் கலந்துவிடும். நெல்லுக்குப் போகிற தண்ணீர் துருசை, அதாவது குளத்தின் மதகைத் திறந்து, வாய்க்கால் வழியாக, வரம்பு கட்டின வயலுக்குள் போகிற தண்ணீர். கடந்த மூன்று வருடமாக நான் கைக்கொள்கிற முறையும் அதே ஒழுங்கில் கட்டினதுதான். குளம் என்பது யோசனைக் கொப்பி, வாய்க்கால் என்பது இலக்கு, வயல் என்பது இன்றைய நாள்.

தேவையானவை அதிகம் இல்லை: கைப்பையில் வைக்கக்கூடிய ஒரு சின்னக் கொப்பி, ஒரு சீ.ஆர். கொப்பி (தடித்த மட்டையுள்ள பெரிய கொப்பி), ஒரு பேனை, மகளின் முடிந்த கொப்பிகளில் மிச்சமிருக்கிற தாள்கள். போன் இருந்தால் உதவும், இல்லாவிட்டாலும் நடக்கும்.

வந்ததைப் பிடித்து வைப்பது

யோசனை வந்த அந்த நிமிடமே அதைப் பிடிக்க வேண்டும், பிறகு எழுதலாம் என்று விட்டால் போய்விடும். பரந்தன் முல்லைத்தீவு வீதியில் ஓடுகிற பஸ்ஸில் நின்றுகொண்டு பேனை பிடித்து எழுத முடியாது என்பதால் நான் வாட்ஸ்அப்பில் எனக்கு நானே குரல் பதிவு அனுப்புகிறேன். பத்து விநாடி போதும். வயலில் நிற்கிறவர், கடையில் நிற்கிறவர், தையல் மெஷினில் இருக்கிறவர் எல்லோருக்கும் இது சரிவரும். பிடிக்கிற நேரத்தில் இது நல்ல யோசனையா, நடக்கக்கூடியதா என்று ஆராயவே கூடாது. மழை பெய்கிறபோது குளம் எந்தத் துளியையும் திருப்பி அனுப்புவதில்லை.

ஆனால் இந்தக் குரல் பதிவுகளும் சின்னக் கொப்பி வரிகளும் தற்காலிகம். இரவு சாப்பாட்டுக்குப் பிறகு ஐந்து நிமிடம் இருந்து அவற்றைச் சீ.ஆர். கொப்பிக்கு மாற்றிவிட்டு அந்தப் பதிவை அழித்துவிட வேண்டும். அழிப்பது முக்கியம், இல்லாவிட்டால் இரண்டு கிழமையில் 60 பதிவு சேர்ந்துவிடும், பிறகு அதைத் திறக்கவே மனம் வராது. நான் இரண்டு முறை அப்படி விட்டிருக்கிறேன், இரண்டு முறையும் முழு முறையுமே நின்றுபோனது.

சீ.ஆர். கொப்பியும் நம்பரும்

ஒவ்வொரு யோசனைக்கும் ஒரு நம்பர் போடுங்கள். 1, 2, 3 என்று வந்த வரிசையிலேயே போதும். தலைப்பு வாரியாகப் பிரிக்க வேண்டாம். வியாபாரம், படிப்பு, வீடு என்று பக்கம் ஒதுக்கத் தொடங்கினால் ஒரு யோசனை எந்தப் பக்கத்துக்குரியது என்று யோசிப்பதிலேயே ஐந்து நிமிடமும் போய்விடும், அதோடு வேறு வேறு பக்கத்தில் இருக்கிறவை ஒன்றையொன்று சந்திக்கவே மாட்டாது. அப்புறம், யோசனையை முழு வசனமாக எழுத வேண்டும். "அல்வா" என்று ஒற்றைச் சொல்லாக எழுதினால் மூன்று மாதம் கழித்து அதற்கு ஒரு பொருளும் இருக்காது. "கோயில் திருவிழாக்களில் கச்சான் அல்வா எப்போதும் முடிந்துபோகிறது, வீட்டில் செய்து பைக்கட் போட்டால் விற்கலாம்" என்று எழுதினால் அன்று ஏன் அப்படித் தோன்றியது என்பதும் சேர்ந்தே நிற்கும்.

எழுதி முடித்ததும் ஒரு வேலை: கொப்பியைப் பின்னோக்கிப் புரட்டி, இதற்கு உறவான யோசனை ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அந்த நம்பரை இதன் கீழும், இதன் நம்பரை அதன் கீழும் எழுதுங்கள். இந்த முறையின் உயிர் இதில்தான் இருக்கிறது, அதனால் என் கொப்பியில் இருந்தே காட்டுகிறேன்.

7: கோயில் திருவிழாவில் கச்சான் அல்வா விற்கலாம். (பார்க்க 23, 31)

23: இங்கே பனங்கட்டி கிடைக்கிறது, ஆனால் தேத்தண்ணியோடு கடிப்பதைத் தவிர வேறு எதற்கும் யாரும் பயன்படுத்துவதாகத் தெரியவில்லை. (பார்க்க 7, 31)

31: கனடாவில் இருந்து வந்த மாமி திரும்பிப் போகும்போது ஊர்ச் சாமான் கட்டிக்கொண்டு போனா, சீனி போட்டது வேண்டாம் என்று ஒதுக்கிவிட்டா. (பார்க்க 7, 23)

7 எழுதியது ஒரு ஆவணியில், 23 அதற்குப் பிறகு மாரியில், 31 அடுத்த வருடம். தனித்தனியாக ஒன்றிலும் பெரிதாக ஒன்றுமில்லை. 31ஐ எழுதிவிட்டுப் பின்னால் புரட்டும்போதுதான் சீனிக்குப் பதில் பனங்கட்டி போட்ட கச்சான் அல்வா என்பது கண்ணில் பட்டது. அந்த நம்பர்களை எழுதியிராவிட்டால் மூன்றும் மூன்று திசையில் கிடந்திருக்கும்.

இது என் கண்டுபிடிப்பு இல்லை. ஜேர்மனியில் நிக்லாஸ் லூமன் என்று ஒரு சமூகவியலாளர் இருந்தார், 1998இல் காலமானார். அவர் 1950களில் தொடங்கி வாழ்நாள் முழுக்கச் சின்னத் தாள்களில் குறிப்பெழுதி நம்பர் போட்டு மரப்பெட்டிகளில் அடுக்கினார், மொத்தம் 90,000 அளவில். ஒரு குறிப்பில் இருந்து இன்னொன்று கிளைத்தால் அதற்கு அடுத்த நம்பர் கொடுக்காமல் அதே நம்பரோடு ஓர் எழுத்தைச் சேர்த்து அதன் பின்னாலேயே செருகுவார். கணினி இல்லாமல், தாளும் நம்பரும் மட்டும் வைத்துக்கொண்டு அவ்வளவு எழுதியிருக்கிறார் என்று அறிந்தபோது எனக்குப் பெரிய தெம்பு வந்தது. எனக்கு 90,000 தேவையில்லை. மூன்று வருடத்தில் 212 வந்திருக்கிறது, அதுவே ஒரு நல்ல குளம்.

முதலில் தண்ணீரை அளந்து பாருங்கள்

இலக்கு எழுதுவதற்கு முன்னால் செய்ய வேண்டிய வேலை இது, ஆனால் கிட்டத்தட்ட எல்லோரும் இதைத் தாண்டிப் போய்விடுகிறோம்.

அப்பா கமக்காரர். ஒவ்வொரு வருடமும் சிறுபோகத்துக்கு, அதாவது குளத்துத் தண்ணீரை நம்பிச் செய்கிற கோடை நெல் பருவத்துக்கு, முன்னால் நடக்கிற கூட்டத்துக்குப் போய் வருவார். குளத்தில் எத்தனை அடி தண்ணீர் நிற்கிறது என்பதை நீர்ப்பாசனத் திணைக்களம் சொல்லும், அதை வைத்துத்தான் இந்தப் போகம் எத்தனை ஏக்கர் செய்யலாம், யார் யாருக்கு எவ்வளவு பங்கு, எந்தத் திகதியில் தண்ணீர் திறப்பது, எந்தத் திகதிக்குள் விதைத்து முடிப்பது என்று அங்கே முடிவாகும். இரணைமடு நிரம்பினால் 36 அடி. நிரம்பாத வருடத்தில் வயல் இருக்கிறதே என்பதற்காக எல்லா வயலுக்கும் தண்ணீர் விட மாட்டார்கள். சின்ன வயதில் ஒருமுறை, "ஏன் அப்பா எல்லாரும் செய்தால் என்ன?" என்று கேட்டேன்.

"பிள்ளை, குளத்திலை எவ்வளவு தண்ணி நிக்குதெண்டு பாத்திட்டுத்தான் எத்தினை ஏக்கர் எண்டு கதைக்கலாம். ஆசைக்கு விதைச்சா கதிர் வாற நேரம் வாய்க்கால் காஞ்சு போயிடும்."

நம்முடைய தண்ணீர் நேரம். ஒரு கிழமைக்கு 168 மணித்தியாலம், அது யாருக்கும் கூடாது குறையாது. என் கணக்கு இது: தூக்கம் 49, அலுவலகம் காலை 8.30 தொடங்கிப் பின்னேரம் 4.15 வரை, ஐந்து நாளுக்கு 39 அளவில், பஸ் பயணம் 12.5. மிச்சம் 67.5. அதில் சமையல், கிணற்றடி, மகளின் பாடம், வீட்டு வேலை என்று ஒரு நாளைக்கு 7 வைத்தால் 49 போய்விடும். நிற்பது 18.5.

அந்த 18.5 முழுவதும் எனக்குக் கிடைக்குமா என்றால் கிடைக்காது. செத்த வீடு வரும், கலியாண வீடு வரும், காய்ச்சல் வரும், சொல்லாமல் சொந்தக்காரர் வருவார்கள், வன்னியில் ஒருவருக்கு ஒன்றென்றால் போய் நிற்காமல் இருக்க முடியாது, இருக்கவும் கூடாது. அதனால் பாதியை நான் தொடுவதே இல்லை. எந்தக் குளத்திலும் துருசு மட்டத்துக்குக் கீழே கொஞ்சத் தண்ணீர் நிற்கும், அதை வயலுக்கு எடுக்க முடியாது, மாடு குடிப்பதும் மீன் வாழ்வதும் சுற்றியுள்ள கிணறுகள் ஊறுவதும் அதால்தான். எனக்கு உண்மையில் திறந்துவிடக்கூடிய தண்ணீர் கிழமைக்கு 9 மணித்தியாலம்.

இதை எழுதிப் பார்த்த அன்று அழுகை வந்துவிட்டது, உண்மையாகச் சொல்கிறேன், ஏனென்றால் அந்த வருடத்து டயறியில் 11 இலக்கு எழுதியிருந்தேன். 9 மணித்தியாலத்தை 11 வயலுக்குப் பிரித்தால் ஒன்றும் நனையாது. நீங்களும் இதை இன்றைக்கே ஒரு தாளில் போட்டுப் பாருங்கள், உங்களுக்கு 20 வரலாம், 4 வரலாம். கைக்குழந்தை இருக்கிற வீட்டில் 2 வந்தாலே பெரிது. வருகிற எண் எதுவோ அதுதான் உங்கள் குளத்தின் அடி, அதை வைத்துக் கதைப்போம்.

இலக்கு: இரண்டு, அதற்கு மூன்று திகதி

தை முதலாம் திகதி இலக்கு எழுதுவதை நான் விட்டுவிட்டேன். போகத்துக்குப் போகம் எழுதுகிறேன். வன்னியில் ஒரு வருடம் 12 சமமான மாதமாக ஓடுவதில்லை. ஐப்பசியில் இருந்து தை வரை மழை, ரோட்டில் வெள்ளம், துணி காயாது, வீட்டில் யாருக்காவது தடிமன். அந்த மாதங்களில் வெளியே அலைகிற இலக்கு வைத்தால் கஷ்டம். வாசிப்பது, எழுதுவது, கணக்குப் பார்ப்பது, தைப்பது எல்லாம் மாரிக்கு. மாசிக்குப் பிறகு வெயில் ஏறுகிறபோது ஆட்களைச் சந்திக்கிற, சாமான் செய்கிற, விற்கிற இலக்குகள். அதனால் வருடத்துக்கு இரண்டு தரம் இருந்து எழுதினால் போதும், ஒன்று புரட்டாதியில், ஒன்று மாசியில்.

9 மணித்தியாலத்துக்கு இரண்டு இலக்கு. மூன்றாவது வேண்டுமென்றால் இரண்டில் ஒன்று சின்னதாக இருக்க வேண்டும். சீ.ஆர். கொப்பியின் கடைசிப் பக்கத்தில் இருந்து முன்னோக்கி இவற்றை எழுதுங்கள், ஒரு இலக்குக்கு ஒரு பக்கம். அ, ஆ என்று எழுத்துக் கொடுங்கள். இலக்கு வசனத்துக்குக் கீழே அது எந்த யோசனை நம்பர்களில் இருந்து வந்தது என்று கட்டாயம் எழுத வேண்டும். நம்பர் எழுத முடியாத இலக்கு என்றால் அது பெரும்பாலும் வேறு யாரோ நம் மேல் வைத்த ஆசையாக இருக்கும், அதைக் கொஞ்சம் நிறுத்தி யோசிக்கலாம்.

என் பக்கம் இப்படி இருந்தது:

அ. வைகாசியில் வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்கு 100 கிராம் பைக்கட் 200 பனங்கட்டிக் கச்சான் அல்வா செய்து விற்பது. (7, 23, 31)

தண்ணீர் திறப்பு: மாசி 15. விதைப்புக் கடைசி: பங்குனி 20, அதற்குள் ஒரு கிலோ மாதிரி செய்து ஐந்து பேருக்குக் கொடுத்திருக்க வேண்டும். அறுவடை: பொங்கல் திங்கட்கிழமை.

அப்பாவின் கூட்டத்தில் இருந்து நான் எடுத்த மிகப் பெரிய பாடம் அந்த நடுத் திகதி. எல்லோரும் இலக்குக்கு முடிவுத் திகதி வைப்பார்கள், விதைப்புக் கடைசித் திகதி வைப்பதில்லை. பிந்தி விதைத்தவனுக்குக் கடைசித் தண்ணீர் கிடைக்காது, அதனால்தான் கூட்டத்தில் அதைக் கண்டிப்பாக வைக்கிறார்கள். அந்தத் திகதிக்குள் முதல் அடி வைக்கவில்லையென்றால் அந்த இலக்கை இந்தப் போகத்தில் விட்டுவிடுவேன், வருத்தப்படாமல், அடுத்த போகத்துக்கு. வைகாசி வரை இழுத்துக்கொண்டு போய்க் கடைசிக் கிழமையில் உடைந்துபோவதைவிட பங்குனியில் விடுவது எவ்வளவோ மேல்.

இன்னொரு கணக்கும் இங்கேயே போட்டுவிடுங்கள். 200 பைக்கட் என்றால் 20 கிலோ, ஒரு தடவைக்கு 2 கிலோ கிண்டினால் 10 தடவை, வறுத்து, உடைத்து, பாகு காய்ச்சி, வெட்டி, கட்டி முடிக்க ஒரு தடவைக்கு இரண்டு மணித்தியாலம், ஆக 20 மணித்தியாலம். பழசாகாமல் இருக்கப் பொங்கலுக்கு முந்திய மூன்று கிழமைக்குள் செய்ய வேண்டும், கிழமைக்கு 7 அளவில். என்னிடம் இருப்பதே 9. அப்படியானால் அந்த மூன்று கிழமையும் என் இரண்டாவது இலக்கான ஆவின், அதாவது ஆவணியில் வருகிற தடைதாண்டல் பரீட்சையின், வாய்க்காலைப் பூட்ட வேண்டும். இதை மாசியிலேயே பக்கத்தில் எழுதிவிட்டதால் வைகாசியில் படிக்கவில்லையே என்ற கவலை என்னைத் தின்னவில்லை. பூட்டுவது என்று நானே முடிவெடுத்த வாய்க்கால் அது.

மிச்ச 200 யோசனையும் என்னாவது? அதற்கு ஒரு பக்கம் இருக்கிறது, "தரிசு" என்று பெயர் வைத்திருக்கிறேன். இந்தப் போகம் செய்யாதவற்றில் மனதை இழுக்கிற ஐந்தாறு நம்பரை மட்டும் அதில் எழுதி வைப்பேன். தரிசு நிலம் கைவிட்ட நிலம் இல்லை, அடுத்த போகத்தில் உழலாம். முருங்கை இரண்டு வருடம் அந்தப் பக்கத்தில் இருந்துதான் நிலத்துக்கு வந்தது.

நாள் துண்டு

இரவு, யோசனைகளைக் கொப்பிக்கு மாற்றின கையோடு, அடுத்த நாளுக்கு ஒரு துண்டுத் தாள். மேலே மூன்று வேலை, ஒவ்வொன்றுக்கும் முன்னால் இலக்கின் எழுத்து. கீழே ஒரு கோடு, கோட்டுக்குக் கீழே சில்லறை வேலைகள்: கரண்ட் பில், காஸ், மகளின் சப்பாத்து. சில்லறை வேலைக்கு எழுத்துக் கிடையாது. நாள் முடிவில் கோட்டுக்கு மேலே ஒன்றாவது வெட்டுப்பட்டிருக்க வேண்டும், கீழே பத்து வெட்டுப்பட்டிருந்தாலும் அதற்கு ஈடாகாது.

வேலையை எப்படி எழுதுகிறீர்கள் என்பதில் நிறைய இருக்கிறது. "அ: லேபல்" என்று எழுதினால் அது நாலு நாள் துண்டில் இருந்து துண்டுக்கு மாறிக்கொண்டே போகும். "அ: மதியம் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் போய், பைக்கட்டில் என்னென்ன அச்சிட வேண்டும் என்று கேட்டு எழுதுவது" என்றால் கால் தானாக நடக்கும். எங்கே, எப்போது, யாரிடம், என்ன என்பது வேண்டும். பீற்றர் கோல்விட்சர் என்ற உளவியலாளர் 1999இல் எழுதிய கட்டுரை ஒன்று இதைப் பற்றியதுதான். நான் இதைச் செய்வேன் என்று மட்டும் நினைப்பதைவிட, இன்ன நேரம் இன்னது நடந்ததும் இதைச் செய்வேன் என்று முன்கூட்டியே கட்டி வைத்தவர்கள் அதைச் செய்து முடிப்பது கூடுதலாக இருக்கிறது. என்னுடைய ஆ இலக்கு முழுக்க அப்படிக் கட்டினதுதான்: பஸ்ஸில் இடம் கிடைத்து உட்கார்ந்ததும் பரீட்சைக்குரிய நிதிப் பிரமாணத்தில் (அரச நிதி விதிகளில்) இரண்டு பக்கம், இடம் கிடைக்காவிட்டால் முதல் நாள் நானே வாசித்துப் பதிந்த ஒலியைக் காதில் கேட்பது. 12.5 மணித்தியாலப் பயணத்தில் ஒரு பங்கு இப்படித் திரும்பி வந்தது, அது குளத்துக்குப் புதிதாக வந்த தண்ணீர்.

மூன்றுக்கு மேல் எழுத வேண்டாம். மனம் கேட்கும், எழுத வேண்டாம்.

ஞாயிறு பின்னேரம்

அரை மணித்தியாலம். எங்கள் வீட்டில் தேத்தண்ணி குடித்தபிறகு நாலரை மணி. முதலில் அந்தக் கிழமையின் ஏழு துண்டையும் வரிசையாக வைத்து எழுத்துக்களை எண்ணுவேன், அ எத்தனை, ஆ எத்தனை. ஒரு எழுத்து முழுக் கிழமையும் வரவில்லையென்றால் அந்த வாய்க்காலில் எங்கோ அடைப்பு. பெரும்பாலும் அடுத்த அடி என்ன என்று தெரியாததுதான் அடைப்பாக இருக்கும், அதனால் அந்த இலக்கின் பக்கத்தில் அடுத்த அடியை இன்னும் சின்னதாக்கி எழுதுவேன். பிறகு அந்தக் கிழமை சேர்ந்த யோசனைகளை ஒருமுறை வாசித்து நம்பர்த் தொடுப்புப் போடுவேன், இரவில் களைப்பில் விட்டவை இருக்கும். கடைசியாக வருகிற கிழமையைப் பார்ப்பது: கோயில் இருக்கிறதா, பாடசாலைக் கூட்டம் இருக்கிறதா, 9 மணித்தியாலம் இருக்குமா அல்லது 5 தானா.

இந்த அரை மணித்தியாலத்துக்குப் பிறகு வருகிற நிம்மதிக்கு ஒரு காரணம் இருக்கிறது. மசிகாம்போ, பௌமைஸ்டர் என்ற இரண்டு உளவியலாளர்கள் 2011இல் ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். முடிக்காமல் கிடக்கிற இலக்குகள் வேறு வேலை செய்யும்போதும் மனதுக்குள் வந்து தொந்தரவு செய்யும், ஆனால் அதற்கு ஒரு தெளிவான திட்டம் எழுதிவிட்டாலே, வேலை இன்னும் முடியாதபோதும், அந்தத் தொந்தரவு அடங்கிவிடுகிறது என்று அவர்கள் கண்டார்கள். ஞாயிறு இரவு எனக்கு நித்திரை நன்றாக வருவது இதனால்தான் என்று நம்புகிறேன்.

போனா, கொப்பியா

இரண்டும் செய்து பார்த்தேன். 2022இல் ஒரு செயலியில் அழகழகாக அட்டவணை போட்டு எல்லாவற்றையும் அதில் வைத்திருந்தேன். பங்குனிக் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு வந்தபோது போனில் சார்ஜ் இல்லை, டேட்டா இழுக்காது, அந்த அட்டவணை திறக்கவே இல்லை. மண்ணெண்ணெய் விளக்கில் கொப்பி மட்டும் திறந்தது. போனில்தான் செய்வேன் என்கிறவர்கள் டேட்டா இல்லாமலும் திறக்கிற, குறிப்புகளைச் சாதாரண எழுத்துக் கோப்பாகப் போனிலேயே சேமிக்கிற ஒன்றைப் பார்த்து எடுங்கள், ஒப்சிடியன் அப்படிப்பட்டது, ஒரு குறிப்பில் இருந்து இன்னொரு குறிப்புக்குத் தொடுப்புப் போடுவதும் அதில் சுலபம். தட்டச்சுப் பழக்கம் இல்லாதவர்களுக்குக் கூகிள் கீபோர்டில் தமிழில் பேசினாலே எழுதிக் கொடுக்கும்.

கொப்பிக்கும் ஒரு ஆபத்து இருக்கிறது. 2009க்கு முன்னால் இடம்பெயர்ந்து திரிந்த காலத்தில் அம்மா பிறப்புச் சான்றிதழ்கள், காணிப் பெர்மிட், பெறுபேற்றுத் தாள்கள் எல்லாவற்றையும் ஒரு பொலித்தீன் பையில் சுற்றி உடம்போடு வைத்திருந்தா. அந்தப் பை கடைசி வரை வந்தது. நான் எட்டு வருடமாக எழுதிய கொப்பிகள் ஒன்றும் வரவில்லை. அதனால் மாதக் கடைசி ஞாயிறு, சீ.ஆர். கொப்பியின் புதுப் பக்கங்களை வரிசையாகப் படம் எடுத்துக் கொழும்பில் இருக்கிற தங்கச்சிக்கு அனுப்புகிறேன். அவள் அதை வாசிப்பதில்லை, வைத்திருக்கிறாள். உங்களுக்கும் அப்படி ஒருவரைப் பாருங்கள்.

விட்டுப்போகிற கிழமைகள்

விட்டுப்போகும். அப்பா ஆஸ்பத்திரியில் இருந்த ஐந்து கிழமையும் நான் ஒரு துண்டும் எழுதவில்லை. திரும்பி வரும்போது விட்ட நாட்களை நிரப்பப் போகாதீர்கள், அந்த ஐந்து கிழமை அப்படியே வெறுமையாக இருக்கட்டும். புதுப் பக்கத்தில் திகதி போட்டு, தண்ணீர்க் கணக்கை மட்டும் மறுபடி போடுங்கள், ஏனென்றால் ஒரு வருத்தத்துக்குப் பிறகு 9 என்பது 6 ஆகியிருக்கும். நான் அப்படி ஆ இலக்கை ஒரு போகம் தள்ளி வைத்தேன், பரீட்சையை அடுத்த முறை எழுதினேன்.

புதிதாகத் தொடங்குகிறவர்கள் எல்லாவற்றையும் ஒரே நாளில் தொடங்க வேண்டாம். முதல் கிழமை யோசனையைப் பிடித்துச் சீ.ஆர். கொப்பிக்கு மாற்றுவது மட்டும், இலக்கும் வேண்டாம், துண்டும் வேண்டாம். அந்த ஞாயிறு 168இல் இருந்து கழித்து உங்கள் அடியைக் கண்டுபிடியுங்கள். இரண்டாம் கிழமை ஒரே ஒரு இலக்கு, மூன்று திகதியோடு. மூன்றாம் கிழமை திங்கட்கிழமைக்கு முதல் நாள் இரவு முதல் துண்டை எழுதுங்கள், அதில் கோட்டுக்கு மேலே ஒரு வேலை இருந்தால் போதும்.